குளியாளின் கடிகாரம்

மார்ச் 5, சாம்பல் புதன்

நெற்றிச் சாம்பலைக் கழுவாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். காலைப் பூசையில் சாமியார், "இந்தத் தவக்காலத்துல தினம் நாலு வரி எழுதுங்க, அதுவும் ஜெபந்தான்" என்றார். இந்த அமலோற்பவத்துக்கு நாலு வரியில் நிற்காது என்று அவருக்குத் தெரியாது. என்னை எட்டாம் வகுப்போடு நிறுத்தியபோது சந்தோஷப்பட்டது எங்கள் ஊர்த் தமிழ் வாத்தியார் ஒருவர்தான். என் கட்டுரை நோட்டைத் திருத்துகிற வேலை அவருக்கு மிச்சம்.

இந்த வருடம் சீனியையும் கருவாட்டையும் விட்டிருக்கிறேன். சீனி போனால் போகிறது. கருவாடுதான் கஷ்டம்.

பெரிய வியாழனன்று பாதம் கழுவுகிற பன்னிரண்டு பேரில் கிளிட்டஸ் பெயரையும் சாமியார் எழுதிவிட்டார். வீட்டுக்கு வந்து சொன்னேன். "வேண்டாம் அத்த. பூட்ஸுக்குள்ள கெடந்து ஊறுன காலு. சாமியார் மயங்கி விழுந்திருவாரு" என்கிறான்.

கிளிட்டஸ் என் அண்ணன் மகன். மதினி பிரசவத்தில் போனாள், அண்ணனைக் கடல் கொண்டுபோனது. நான்தான் வளர்த்தேன். எனக்கென்று பிள்ளை இல்லை. எங்கள் தூத்துக்குடிப் பக்கம் கடலில் முங்கி வேலை செய்கிறவனைக் குளியாள் என்போம். அண்ணன் சங்கெடுக்கிற குளியாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குவான். இவன் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்குகிறான். கடல் ஒன்றுதான்.

துறைமுகத்துக்கு வெளியே ஒரு கப்பலின் நங்கூரம் சங்கிலியோடு அறுந்து விழுந்துவிட்டதாம். பதினாறு பாகம் ஆழம், நூறு அடிக்குக் கொஞ்சம் குறைவு. தேடி எடுக்க ஒரு கம்பெனி மூன்று பேரை அமர்த்தியிருக்கிறது. கிளிட்டஸ் ஒருவன். மற்ற இரண்டு பேரும் எங்கள் மச்சில்தான் தங்கியிருக்கிறார்கள், சாப்பாடும் என் கையில்தான். சென்னைப் பையன் சபரீஷ். கீழக்கரை யாசின், நாற்பத்தைந்து வயதிருக்கும், நல்ல மனுஷன். நோன்பு மாதம் என்பதால் அவர் இறங்குவதில்லை. தண்ணீர் குடிக்காத உடம்போடு முங்கக் கூடாதாம். படகில் நின்று கயிறு பிடிக்கிறார். அவருக்கும் நோன்பு, எனக்கும் தவம். சமையல் செய்கிறவளும் சாப்பிடவில்லை, கயிறு பிடிக்கிறவரும் சாப்பிடவில்லை. சபரீஷ்தான் எல்லாருக்கும் சேர்த்துச் சாப்பிடுகிறான்.

கொடியில் மூன்று கறுப்பு ரப்பர் உடுப்பு தொங்குகிறது. விளக்கேற்றப் போகும்போது மூன்று ஆள் தொங்குகிற மாதிரி இருக்கிறது. பார்க்காமல் போகிறேன்.


மார்ச் 9, ஞாயிறு

இன்று கடல் வேலை இல்லை. பூசைக்குப் போய் வந்து முற்றத்தில் சாளை மீன் கழுவ உட்கார்ந்தேன். முற்றம் முழுக்கச் சாமான். சபரீஷ் ஒரு பெட்ஷீட்டை விரித்துத் தன்னுடையதையெல்லாம் கல்யாணச் சீர் மாதிரி அடுக்கியிருந்தான்.

"மாப்பிள்ள வீட்டுக்காரங்க எப்ப வாராங்க?" என்றான் கிளிட்டஸ்.

"ஓட்டாத மச்சி. உன் ஃபின்ஸப் பாரு. எங்க தாத்தா செருப்பு மாதிரி இருக்கு."

ஃபின்ஸ் என்றால் காலில் மாட்டுகிற வாத்துக்கால்.

"இது முழு ரப்பர்ல. கனம்தான். ஆனா நீரோட்டத்துல ஒரு தள்ளு தள்ளுனா போதும். ஒன்னது விசிறி. அத்தைக்குக் குடு, அடுப்பு விசிறட்டும்."

பிறகு சட்டைச் சண்டை. காற்றை அடைத்து மிதக்கிற சட்டை ஒன்று போடுகிறார்கள். சபரீஷுடையதில் காற்று முதுகில் மட்டும் நிற்குமாம், தண்ணீருக்குள் மீன் மாதிரி நேராகப் போகலாமாம். "மேல வந்த பொறவு மூஞ்சிய கடல்ல அமுக்கும்லா" என்றான் கிளிட்டஸ். "என்னது சுத்தி காத்து நிக்கும். மயங்குனாக்கூட தலை மேல இருக்கும்." அது எனக்குப் பிடித்தது. அதையே போடுல என்றேன்.

சிலிண்டரிலிருந்து வாய்க்கு ஒரு குழாய் வருகிறது, சரி. அதே மாதிரி மஞ்சளாக இன்னொன்று எதற்கு என்று கேட்டேன்.

"இதுக்குப் பேரு ஆக்டோபஸ் ஆன்ட்டி."

"பேய்க்கணவாயா? அத எதுக்குய்யா கட்டிக்கிட்டுப் போறிய?"

மூன்று பேரும் சிரித்தார்கள். யாசின்தான் விளக்கினார். "கூட வர்றவனுக்குக் காத்துத் தீந்துட்டா அவன் வாயில குடுக்கறதுக்குக்கா. நமக்கில்ல." பிறகு சபரீஷிடம், "இப்பிடித் தொங்கவிடாதே தம்பி. நெஞ்சுல கட்டு. மூச்சுக்குத் தவிக்கிறவன் தேடிக்கிட்டு இருக்க மாட்டான்" என்றார்.

அடுத்தவன் மூச்சுக்காக ஒன்றைச் சுமந்துகொண்டு போகிறார்கள். சாமியார் அரைமணி நேரம் பிரசங்கம் செய்வது இதைத்தான்.

கண்ணாடியைப் போடுகிறதுக்கு முன்னால் உள்ளே துப்பித் தேய்க்கிறார்கள், அதையும் எழுதிவிடுகிறேன். துப்பினால் ஆவி படியாதாம். தீர்த்தம் தாரேன், அதைத் தேயுங்கள் என்றேன். "தீர்த்தத்துல வழவழப்பு இல்ல அத்த" என்கிறான் பாவி.

யாசினின் சாமானெல்லாம் ஒரு அரிசிச் சாக்குக்குள் அடங்கிவிட்டது. பழைய கண்ணாடி, ஒரு கத்தி, ஒரு பிளாஸ்டிக் அட்டை. எத்தனை ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று அட்டையில் கட்டம் கட்டமாக அச்சடித்திருந்தது.

சபரீஷ் ஒரு கேள்வி போட்டான். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்றால் எதை வைத்துக்கொள்வீர்கள்?

"எனக்கு இந்த அட்டை" என்றார் யாசின்.

"எனக்கு வாட்ச்" என்று சபரீஷ் மணிக்கட்டைத் தூக்கினான். "இது இல்லன்னா நான் தண்ணியில காலே வைக்க மாட்டேன். எவனும் வைக்கக் கூடாது."

கிளிட்டஸ் தன் கையில் கட்டியிருந்த கடிகாரத்துக்கு ஒரு முத்தம் கொடுத்தான். "இது என் உயிருல்லா" என்றான். போன வருடம் வாங்கினது. சாப்பிடும்போதும் கழற்ற மாட்டான், சோப்புப் போட்டுக் குளிக்கும்போதுதான் கழற்றுவான். வட்டமாக, தடியாக, கறுப்பாக இருக்கும். எத்தனை ஆழம், எத்தனை நேரம், எப்போது ஏற வேண்டும் எல்லாம் சொல்லுமாம்.

"அட்டை சொல்லாததையா அது சொல்லுது?" என்று கேட்டேன்.

"அண்ணன் அட்டையப் பாத்தா போன ஒடனே ஏறி வரணும் அத்த. இது ஒவ்வொரு அடிக்கும் கணக்குப் போடும். 'இன்னும் நேரம் கெடக்கு, இரு'ன்னு சொல்லும்."

நேரம் கூடினால் என்ன ஆகும் என்று யாசினிடம் தனியாகக் கேட்டேன். "ஆழத்துல இழுக்குற காத்து ரத்தத்துல கரைஞ்சு நிக்கும்க்கா. நேரத்தோட, மெதுவா ஏறி வந்தா மெதுவா வெளியே போயிரும். கூட நேரம் இருந்துட்டுச் சட்டுனு ஏறுனா, சோடா பாட்டிலத் திறந்த மாதிரி உள்ளுக்குள்ளயே நுரைச்சிரும். கை கால் விழுந்துரும்."

மீன் குழம்பில் இன்று உப்புக் கூடிவிட்டது. யாரும் சொல்லவில்லை.


மார்ச் 12, புதன்

பல்வலி. கிராம்பு வைத்தேன். மூன்று பேரும் வெறுங்கையோடு வந்தார்கள். தோத்திரம்.


மார்ச் 14, வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்து வந்தால் வீட்டில் ஒரே சத்தம். சங்கிலி கிடைத்துவிட்டதாம். கிளிட்டஸ்தான் கண்டுபிடித்தானாம்.

"யாசின் அண்ணன் கயித்தை ஆட்டிட்டாரு, ஏறி வான்னு. வாட்சப் பாத்தேன், இன்னும் நேரம் கெடக்குன்னுச்சு. சரின்னு ஒரு சுத்து சுத்துனேன் அத்த. அந்தாக் கெடக்கு, சேத்துக்குள்ள ராட்சசப் பாம்பு மாதிரி."

யாசின் பேரீச்சம்பழத்தைப் பிட்டு நோன்பு திறந்தார். கடைசியில், "இன்னைக்கு அது சரியாத்தான் சொல்லிச்சு" என்றார்.

இனி சங்கிலியில் கொக்கி மாட்டித் தூக்க வேண்டும். முடிந்தால் கம்பெனியில் நிரந்தர வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அண்ணனும் இப்படித்தான். இன்னும் ரெண்டு சங்கு கிடக்கு என்று போனான். தூக்கிக்கொண்டு வந்தபோது கழுத்தில் பையைக் கழற்றாமல் வைத்திருந்தான். பை நிறைய சங்கு. அந்தச் சங்கு யாருக்குப் போயிற்று என்று இன்றுவரை தெரியாது.

"வேண்டாம்ல, விட்டுரு" என்றேன். "வேற என்ன தெரியும் எனக்கு?" என்றான். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரு, இரு என்று சொல்லுகிற கடிகாரம்.


மார்ச் 18, செவ்வாய்

காலையில் கிளிட்டஸ் குளியலறைக்குப் போனபோது நான் கெபிக்கு, மாதாவின் குகைக்கோயிலுக்கு, போய் வந்தேன். மாதாவுக்கு ஒரு நேர்ச்சை இருந்தது. பிரியமானதைக் கொடுத்தால்தான் நேர்ச்சை, மிச்சத்தைக் கொடுப்பது நேர்ச்சை இல்லை. காணிக்கைப் பெட்டியில் போட்டேன். என்ன என்று எழுத வேண்டியதில்லை, அவளுக்குத் தெரியும்.

வரும் வழியில் மனசு லேசாக இருந்தது. முருங்கைக்காய் வாங்கினேன்.


மார்ச் 19, சூசையப்பர் திருநாள்

நேற்றுப் பகலிலிருந்து வீடு தலைகீழாகக் கிடக்கிறது. கிளிட்டஸின் கடிகாரத்தைக் காணவில்லை. சாக்கு, பெட்டி, குளியலறை, கிணற்றடி எல்லாம் தேடினார்கள். நானும் தேடினேன். அரிசி டின்னைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தேன்.

"அத்த, நீங்க எதும் எடுத்து வச்சியளா?"

"நான் எதுக்குல எடுக்கப் போறேன்? எனக்கு மணி பாக்க கோயில் மணி இருக்கு."

அவன் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தான். சிறு வயதில் பொய் சொன்னால் நான் அவனைப் பார்ப்பேனே, அந்த மாதிரி.

சென்னையில் சொல்லிப் புதிது வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகுமாம். யாசின் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதுவரை இறங்காதே என்று. சபரீஷும் அதையேதான் சொன்னான். தங்கமான பிள்ளைகள். பாயசம் வைத்தேன், எனக்கில்லை.


மார்ச் 21, வெள்ளி

கிளிட்டஸ் வீட்டில் இருக்கிறான். மின்விசிறியைக் கழற்றித் துடைத்து மாட்டினான். அடுப்பங்கரைத் தாழ்ப்பாளைச் சரி செய்தான். சாயந்தரம் கோயில் வேலை பார்க்கிற உபதேசியார் கஸ்பாரிடமிருந்து போன் வந்தது, வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தான். ஆள்சேர்க்கிற விஷயமாக இருக்கும், உயிர்ப்பு விழாவுக்குப் பந்தல் போட வேண்டும். பிறகு என்னோடு சிலுவைப்பாதைக்கு வந்தான். எத்தனை வருடம் ஆயிற்று அவன் என் பக்கத்தில் முழந்தாளிட்டு. கெபியைத் தாண்டும்போது மட்டும் நின்று, மாதா காலடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்தி வந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம்.

இந்த வருடத்தில் நல்ல நாள் என்றால் இன்றுதான்.


மார்ச் 24, திங்கள்

போய்விட்டான்.

கம்பெனி ஆள் விடியுமுன்னே போன் செய்தான். தூக்குகிற படகு வந்து நிற்கிறதாம், இந்த வாரத்தோடு வேறு இடம் போய்விடுமாம். சபரீஷ் தனியாக இறங்க முடியாது. கிளிட்டஸ் உடுப்பை எடுத்துவிட்டான்.

"வாட்ச் இல்லாம காலே வைக்கக் கூடாதுன்னு நீதானய்யா சொன்ன?" என்று சபரீஷைப் பிடித்தேன்.

"என் கையில இருக்குல்ல ஆன்ட்டி. என் கூடவே ஒட்டிட்டு வருவான். நான் ஏறினா அவனும் ஏறுவான். ரெண்டு பேருக்கு ஒண்ணு. பண்ணக் கூடாதுதான். ரெண்டே நாள்."

யாசின் தன் அட்டையை அவிழ்த்து கிளிட்டஸின் கையில் கட்டினார். "கயிறு ரெண்டு தடவை ஆடுனா, நீ மாட்டிக்கிட்டு இருக்கிறது தங்கமா இருந்தாலும் விட்டுட்டு ஏறணும்" என்றார்.

நான் வாசலில் நின்றேன். இது நான் கேட்டுக்கொண்டது இல்லை, மாதாவே. நான் கேட்டது வேறு.

சாயந்தரம் நல்லபடியாக வந்தார்கள். ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை இரண்டு தரம் சொல்லியிருந்தேன்.


மார்ச் 26, புதன்

வேலை முடிந்துவிட்டது. சங்கிலியில் கொக்கி மாட்டியாகிவிட்டது. தோத்திரம்.

கிளிட்டஸ் மத்தியானமே வந்துவிட்டான். சோர்வாக இருந்தான். இறங்கின கொஞ்ச நேரத்தில் சபரீஷுக்குக் காது அடைத்து வலி தாங்காமல் அவன் மேலே ஏறிவிட்டானாம். அவனை ஏறச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு இவன் கொக்கியோடு நின்றுவிட்டான். "இன்னும் ஒரு திருகுதான் அத்த. கயிறு ஆடுச்சு. பொறுங்கன்னு திரும்ப ஆட்டுனேன். கீழ மணி தெரியாது. தலை கொஞ்சம் கிறங்கும். ரெண்டு நிமிசம்னுதான் நெனச்சேன்." காற்று தீர்ந்துகொண்டே வந்ததால் கடைசியில் வேகமாக ஏறிவிட்டான். படகில் யாசின் கேட்டதற்கு ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறான். யாசின் காதுவலிக்காரனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டார்.

இடது தோள் வலிக்கிறது என்றான். சுடுதண்ணி ஒத்தடம் கொடுத்தேன். நெஞ்சில் திட்டுத் திட்டாகச் சிவந்து ஊறல். சொறிமுட்டை, அந்த ஜெல்லி மீன், பட்டிருக்கும் என்றான், நானும் அப்படித்தான் நினைத்தேன். கோயிலில் மந்திரித்த எண்ணெயைத் தோளிலும் முதுகிலும் தேய்த்துவிட்டேன். வாசற்படியில் கால் தடுக்கியது, வெறும் வயிறு என்று கஞ்சி கொடுத்தேன். படுத்துவிட்டான்.

யாசின் போன் செய்தார். "எப்பிடி இருக்கான்?" என்றார். தூங்குதான், தோள்வலிதான் என்றேன். எழுப்புங்கள் என்றார். நல்லாத் தூங்குகிற பிள்ளையை எழுப்ப மனசு வரவில்லை.


மார்ச் 27, வியாழன்

எழுந்து நிற்க முடியவில்லை. சிறுநீர் இறங்கவில்லை. இடுப்புக்குக் கீழே மரக்கட்டை மாதிரி இருக்கிறது என்கிறான். யாசின் வந்து ஒரு பார்வை பார்த்தார். சிலிண்டரிலிருந்து அவனுக்கு ஆக்ஸிஜன் வைத்துக்கொண்டே, "நேத்தே எழுப்பியிருக்கலாமேக்கா" என்றார். அவர் திட்டியிருக்கலாம்.


மார்ச் 29, சனி

சென்னையில் இருக்கிறோம். இங்கே ஒரு இரும்பு அறை. பெரிய சிலிண்டரைப் படுக்கப் போட்ட மாதிரி. அதற்குள் கிளிட்டஸைப் படுக்க வைத்துக் காற்றை ஏற்றுகிறார்கள். வட்டமாக ஒரு கண்ணாடி, அதன் வழியாக அவன் முகம் தெரியும்.

உள்ளே விடுமுன் நர்ஸ் கேட்டாள், உடம்பில் என்ன எண்ணெய் என்று. மாதா கோயில் எண்ணெய் என்றேன். "அய்யோம்மா, ஆக்ஸிஜன் இருக்கிற எடத்துல எண்ணெய் ஆவாது. தீப்பிடிக்கும்" என்று சோப்புப் போட்டுத் துடைத்து எடுத்துவிட்டாள். கழுத்தில் நான் போட்ட, மாதா படம் தைத்த உத்திரியத்தையும் கழற்றி என் கையில் தந்தாள். அதை வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே நின்றேன்.

எவ்வளவு ஆழம் மாதிரி என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் மீட்டரில் சொன்னார். நான் பாகத்தில் கணக்குப் போட்டேன், பத்துப் பாகம் வருகிறது. மறுபடியும் பத்துப் பாகம் இறக்கித்தான் குணமாக்க வேண்டுமாம். வெளியே ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாக, பல மணி நேரம் எடுத்து ஏற்றுகிறார். அந்தக் கடிகாரத்தை விட்டு அவர் கண்ணை எடுப்பதே இல்லை.


ஏப்ரல் 1, செவ்வாய்

நேற்றுப் பெருநாள். யாசின் பிள்ளைகளோடு இருக்காமல் பஸ் ஏறி இன்று காலை இங்கே வந்துவிட்டார், வட்டலப்பத்தோடு. சீனி விட்டிருக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு கரண்டி சாப்பிட்டேன். மாதா மன்னிப்பாள்.

கிளிட்டஸுக்குக் கை நன்றாக இருக்கிறது. வலது கால் விரல் அசைகிறது. இடது கால் அசையவில்லை.

யாசின் வெளியே கூட்டிப்போய்ச் சொன்னார். கம்பெனி ஆள் வந்து விசாரித்தானாம், ஏன் கடிகாரம் இல்லாமல் இறங்கினாய் என்று. "படகுலருந்து கடல்ல விழுந்திருச்சு, என் அசட்டைதான்" என்று கிளிட்டஸ் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டான். அதனால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். நிரந்தர வேலையும் இல்லை.

"கடல்ல விழலக்கா" என்றார் யாசின். "அது காணாமப் போறதுக்கு முந்தின நாள் கரைக்கு வந்து நான்தானே எல்லாச் சாமானையும் கழுவி வச்சேன். இவன் கையிலதான் கட்டியிருந்தான். எதுக்குப் பொய் சொல்றான்னு தெரியல."

எனக்கும் தெரியவில்லை என்றேன்.


ஏப்ரல் 5, சனி

அறைக்குள் இன்று கடைசி. இனி பயிற்சிதானாம். டாக்டர், "வரும், வராமலும் போகலாம். முதல் நாளே வந்திருந்தா" என்று நிறுத்திக்கொண்டார். படித்தவர், நாகரிகமானவர்.


ஏப்ரல் 10, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். மச்சு காலி. சபரீஷ் ஊருக்குப் போய்விட்டான், காது இன்னும் சரியாகவில்லையாம். தன் மஞ்சள் குழாயை மட்டும் கிளிட்டஸின் கட்டிலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். கிளிட்டஸ் அதைக் கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "நெஞ்சுல கட்டச் சொன்னாரு அண்ணன். கேக்கவே இல்ல" என்று சிரித்தான்.

சக்கர நாற்காலி அடுப்பங்கரை வாசலில் நுழையவில்லை. அவன் சரி செய்த தாழ்ப்பாளைக் கழற்ற வேண்டியிருந்தது.


ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

குருத்தோலைப் பூசை முடிந்து கெபிக்குப் போனேன். கையில் வெள்ளிக் கால் ஒன்று, விரல் நீளம். கால் சுகமாக நேர்ந்துகொள்கிறவர்கள் போடுவது. பெட்டியில் போடப் போனபோது உபதேசியார் கஸ்பார் வந்துவிட்டார்.

"அமலி, கொஞ்சம் பொறு. போன மாசம் போட்டதே இன்னும் எங்கிட்டக் கெடக்கு" என்று சாவியை எடுத்துக்கொண்டு போய், கைக்குட்டையில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்தார். பிரிக்கவில்லை. பிரிக்க வேண்டியதில்லை.

"பெட்டி தொறந்தப்ப இது கெடந்துச்சு. இந்தத் தெருவுல வேற யாரு இத கட்டுதா? அன்னைக்கே கிளிட்டஸுக்குப் போன் போட்டேனே. ஒன்னது மாதிரி இருக்கு, வந்து எடுத்துட்டுப் போடான்னேன்."

"என்ன சொன்னான்?"

"'அது எங்க அத்த நேர்ச்சை. குடுத்ததத் திரும்ப எடுத்தா அவங்களுக்குத் தாங்காது. அங்கனயே இருக்கட்டும். நான் கேட்டேன்னும் சொல்லிராதிய'ன்னான். நல்ல பிள்ள. ஏலத்துல போட மனசில்லாம நான்தான் வச்சிருந்தேன்."

அவர் இன்னும் என்னவோ பேசினார். அந்த வெள்ளிக்கிழமை சாயந்தரம் வந்த போன். என் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தான். கெபியைத் தாண்டும்போது நின்றான்.

வெள்ளிக் காலைப் பெட்டியில் போட்டேனா, கையிலேயே கொண்டுவந்தேனா என்று வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். கையில்தான் இருந்தது.


ஏப்ரல் 14, திங்கள்

கடிகாரத்தை அவன் கட்டில் பக்கத்து மேசையில் வைத்தேன், மாத்திரை டப்பாவுக்கு அருகில். நான் அரிசி களைந்துவிட்டு வரும்போது கையில் கட்டியிருந்தான். மத்தியானம், "அத்த, மணி ஒண்ணு. மாத்திரை" என்றான்.


ஏப்ரல் 16, புதன்

பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும், தவக்காலத்தில் இனிப்புச் சாப்பிட்டேன் சாமி என்றேன். வேறே என்றார். யோசித்தேன். அவ்வளவுதான் சாமி என்றேன்.


ஏப்ரல் 17, பெரிய வியாழன்

சாமியார் நேற்றே ஆள் அனுப்பிவிட்டார், பன்னிரண்டு பேரில் எழுதின பெயரை அடிக்க மாட்டேன், தூக்கிக்கொண்டாவது வாருங்கள் என்று. நாற்காலியோடு நான்கு பேர் தூக்கி உள்ளே வைத்தார்கள். யாசினும் வந்திருந்தார், வாசலில் செருப்போடு நின்றார். நான் ஓரத்தில், சொம்பும் துண்டும் எடுத்துக்கொடுக்கிற பெண்களோடு.

ஒவ்வொருவராகக் காலைக் கழுவி வந்தார் சாமியார். தண்ணீர் பட்டதும் சிலர் காலை இழுத்துக்கொண்டார்கள், சிலர் நெளிந்தார்கள். கிளிட்டஸ் முறைக்கு முன்னால் உபதேசியார் கஸ்பார் ஓடிப்போய் வேறு சொம்பு கொண்டுவந்தார். சீக்காளிப் பிள்ளை, பச்சைத் தண்ணி வேண்டாம், வெந்நீர் வைத்திருக்கிறேன் என்றார். என் கையில்தான் தந்தார். சொம்பு சுட்டது. பதமாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்துச் சாமியாரிடம் கொடுத்தேன். ஆவி எழும்பியது.

சாமியார் குனிந்து அந்த இடது காலைத் தட்டில் எடுத்து வைத்து ஊற்றினார். பூட்ஸுக்குள் ஊறின கால் இல்லை இப்போது, சின்னப் பிள்ளையின் கால் மாதிரி வெளுத்துக் கிடந்தது. துடைத்து முத்தம் கொடுத்தார். கிளிட்டஸ் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். துண்டைக் கண்ட பிறகுதான் முடிந்தது என்று தெரிந்து தலையைக் குனிந்தான்.

வரும் வழியில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். தெருவில் ஆள் இல்லை. கெபியைத் தாண்டும்போது அவனாகவே பேசினான்.

"அத்த, கொஞ்சம் கொஞ்சமா வருது போல."

"என்னதுய்யா?"

"காலுதான். சாமியார் ஊத்துனாருல்லா, தெரிஞ்சுச்சு. தண்ணி சில்லுன்னு இருந்துச்சு."

நாற்காலியின் சக்கரம் மணலில் மாட்டியது. பின்னால் இழுத்துத் திருப்பினேன்.

"ஆமாய்யா" என்றேன். "நானும் தொட்டுப் பாத்தேன். சில்லுன்னுதான் இருந்துச்சு."